மகளைத் தூங்க வைக்கும் திட்டம்

லிஃப்ட் மெக்கானிக் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். இந்தக் கால்பந்துப் போட்டிகள் முடிவதற்குள் ஒரு ஆட்டத்தையாவது முழுசாகப் பார்த்தே தீருவது. குறுக்கே நின்றது வேறு யாருமல்ல, இரண்டாம் வகுப்பு படிக்கும் அவருடைய சொந்த மகள்.

அந்த வீட்டில் மகள் தூங்கிய பிறகுதான் டிவியைப் போடலாம். மனைவி போட்ட சட்டம். அவள் வீட்டிலேயே துணி தைத்துக் கொடுப்பவள்; வெட்டினால் வெட்டினதுதான், மறுபேச்சு கிடையாது. மகளோ படுக்கையில் கொட்டக் கொட்ட விழித்திருப்பாள். மெக்கானிக் நாற்காலியில் சாய்ந்து, பேப்பரை முகத்தில் போட்டுக்கொண்டு காத்திருப்பார். தூங்கிட்டீங்களா என்று கேட்டால், சும்மா கண்ணை மூடியிருந்தேன் என்பார். அவர் கண்ணைத் திறக்கும்போது மகள் ஒருவழியாகத் தூங்கியிருப்பாள். ஆட்டமும் முடிந்திருக்கும்.

இப்படி வயிறு எரிந்துகொண்டிருந்த நாளில்தான் பள்ளிக்கூட வாசலில் அந்த அறிவிப்பைப் பார்த்தார். பள்ளி விட்டதும் மைதானத்தில் உடற்பயிற்சி வகுப்பு. பிள்ளைகளுக்கு உடம்பு தேறும், படுத்ததும் தூக்கம் வரும். முன்பாதியை மேலோட்டமாகப் பார்த்தார். பின்பாதியை நின்று நிதானமாகப் படித்தார்.

வீட்டில் விஷயத்தை எடுத்தபோது மகளின் ஆரோக்கியம், எதிர்காலம், எலும்பு வளர்ச்சி என்று என்னென்னவோ பேசினார். டிவியைப் பற்றி மூச்சு விடவில்லை. மனைவி ஊசியில் நூலைக் கோத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"யாரு கூட்டிட்டுப் போறது? எனக்குத் தையல் இருக்கு."

"நான் போறேன்."

"ஒரு நாள் போவீங்க. மறுநாள் முதுகு வலிம்பீங்க."

"தினமும் போறேன்."

"அந்த டீச்சர் ரொம்பக் கண்டிப்பாம். பெத்தவங்களையும் வேலை வாங்குவாங்களாம்."

"என்ன சொன்னாலும் செய்யறேன். போதுமா?"

போதும் என்றாள். தன் பேச்சுத் திறமையை நினைத்து அவருக்கே புல்லரித்தது.

மெக்கானிக்கைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். படியேறுவது என்பது லிஃப்டைச் சரியாகப் பராமரிக்காதவர்களுக்கு விதித்த தண்டனை என்று நம்புகிறவர் அவர். முதல் மாடிக்கே லிஃப்டில்தான் போவார். கேட்டால் தொழில் தர்மம் என்பார்.

அப்பேர்ப்பட்டவர் மைதானத்து ஓர பெஞ்சில் உட்காரப் போனபோது விசில் சத்தம் கேட்டது. பயிற்சி டீச்சர் பிள்ளைகளை ஜோடி ஜோடியாக நிறுத்தியிருந்தார். மகள் மட்டும் தனியாக நின்றாள். டீச்சர் இவரைப் பார்த்து விரலை ஆட்டினார்.

"சார், வாங்க. உங்க பொண்ணுக்கு நீங்கதான் ஜோடி."

தவளை மாதிரி குதித்தார். கயிறு தாண்டினார், தாண்டியது கொஞ்சம், மாட்டிக்கொண்டு விழுந்தது மிச்சம். ஒருவர் காலை இன்னொருவர் பிடித்துக்கொள்ள, கையால் நடக்கும் பயிற்சி வந்தது. மகள் அப்பாவின் காலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "டீச்சர், இது வரமாட்டேங்குது" என்றாள். பக்கத்து வரிசை வாண்டு ஒன்று, மூக்கால் மூச்சு விடும்படி அங்கிளுக்குப் புத்தி சொன்னது.

ஆனாலும் பலன் கைமேல் கிடைத்தது. அன்று மகள் சாப்பிட்டுப் படுத்ததும் அடித்துப் போட்டதுபோல் தூங்கினாள். மெக்கானிக் ரிமோட்டை எடுத்தார், காலை நீட்டினார். ஆட்டக்காரர்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் பந்தைத் தொடுவதற்குள் இவரும் தூங்கிவிட்டார். மறுநாளும் அதே கதை. அடுத்த வாரமும் அப்படியே போயிற்று.

இறுதி ஆட்டத்தன்று அவருக்குப் பயம் வந்துவிட்டது. இதையும் கோட்டை விட்டால் மனிதன் எதற்கு உயிரோடு இருப்பது? டீச்சரிடம் மெல்லப் பேச்சுக் கொடுத்தார். புதிதாக ஒரு பையன் சேர்ந்திருக்கிறானே, அவனை மகளுக்கு ஜோடியாகப் போட்டால் என்ன என்று கேட்டார்.

"முதல் நாளே யாரையாவது போட்டிருக்கலாம் சார். உங்க வீட்டம்மாதான் போன் பண்ணி, பொண்ணுக்கு ஜோடி சேர்க்காதீங்க, அவ அப்பாவோட வருவான்னு சொன்னாங்க. இந்த வகுப்பைப் பத்தி அவங்க விசாரிச்சு ரொம்ப நாளாச்சே."

மெக்கானிக் நேராக வீட்டுக்கு வந்து தையல் மெஷின் முன்னால் நின்றார்.

"ஏம்மா, பயிற்சி பிள்ளைக்கா, எனக்கா?"

"உங்களுக்குத்தான்" என்றாள் மனைவி, மெஷினை நிறுத்தாமலே. "டாக்டர் நடக்கச் சொன்னாரு, நடந்தீங்களா?"

"அப்போ அவ தூக்கம்?"

"அவ தூக்கத்துக்கு என்ன குறை? பேப்பருக்கு அடியில நீங்க விட்ட குறட்டையிலதான் பாவம், முழிச்சுக் கிடந்தா. இப்போ குறட்டை அடங்கிடுச்சு. நிம்மதியாத் தூங்கறா."

அவருக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் மைதானத்தில் மகள் தன் விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடுவது நினைவுக்கு வந்ததும் கோபம் நிலைக்கவில்லை. அந்த ஓட்டம் அவருக்குப் பிடித்திருந்தது. சொன்னால் மரியாதை போய்விடும் என்று சொல்லவில்லை.

நாளைக்கும் போகிறேன் என்று ஒப்புக்கொண்டு, ஒரே ஒரு நிபந்தனை போட்டார். இன்று இறுதி ஆட்டம், கண் அசந்தால் அவள் எழுப்பிவிட வேண்டும். எழுப்பறேன் என்றாள்.

முகம் கழுவினார். நின்றுகொண்டே பார்த்தார். பிறகு சும்மா ஒரு நிமிஷம் உட்கார்ந்தார்.

கண்ணைத் திறந்தபோது ஜன்னலில் வெயில் அடித்தது.

"எழுப்பறேன்னு சொன்னியே?"

"எழுப்பலாம்னுதாங்க இருந்தேன்" என்றாள் மனைவி. "ஆட்டம் அப்படி இழுபறியாப் போகுது. அந்த நேரத்துல டிவியை விட்டுட்டு யாராலங்க எந்திரிக்க முடியும்?"