முட்டை சுற்றிய கம்ப்யூட்டர்

திரையில் வெள்ளையாக ஒரு ஜன்னல் எட்டிப் பார்த்தது; உடனே மறைந்தது. விளையாட்டுக்குள் போக முதலில் இந்த லாஞ்சர் திறந்தாக வேண்டும். அது திறக்கிற வழியாக இல்லை. அபெலினோ மறுபடி மறுபடி தட்டிப் பார்த்தான்.

கம்ப்யூட்டர் மச்சான் ரோமுலோவுடையது. வீடும் அவனுடையதுதான். லிமா போலீஸில் வேலை. "மாப்ளே, தங்கச்சி முகத்துக்காக மாடி ரூமைக் குடுத்திருக்கேன். என் கம்ப்யூட்டரைத் தொட்டீங்க, அன்னைக்கே சூட்கேஸோட வெளியதான்" என்று சொல்லியிருந்தான். வீட்டோடு மாப்பிள்ளைக்கு ரோஷம் கூடாது, சரி. ஆசையுமா கூடாது? ஒரே ஒரு ஆட்டம் என்று உட்கார்ந்திருந்தான், பாவம்.

நண்பன் ஃபெர்மினுக்குப் போன் போட்டான்.

"கெடுத்துட்டேன்டா. வெள்ளையா வந்து வந்து ஓடுது."

"ப்பூ, இவ்வளவுதானா! அழிச்சுட்டு மறுபடி ஏத்து."

அழித்தான். ஏற்றினான். இப்போது ஜன்னல் ஜம்மென்று நின்றது, பாஸ்வேர்டைக் கேட்டுக்கொண்டு.

"ஐயோ, பாஸ்வேர்டு கேக்குதுடா!"

"போலீஸ்காரன் என்னத்தைப் பெருசா யோசிச்சிருப்பான்? அவனோட ஃபுட்பால் டீம் பேரைப் போடு."

போட்டான். பிறந்த ஊரைப் போட்டான். மச்சானுடைய பழைய காதலியின் பெயரைக்கூடப் போட்டான். கணக்கு பூட்டிக்கொண்டது. அடுத்த நொடி ரோமுலோவே போனில் வந்தான்.

"மாப்ளே, எவனோ திருட்டுப்பய என் கணக்குல நுழையப் பாக்கறான்! செல்லுக்கு எச்சரிக்கை வந்திருக்கு. வீட்ல எல்லாம் சரியா இருக்கில்ல?"

"இ... இருக்கு மச்சான்."

"இதோ பைக்ல கிளம்பிட்டேன். அவன் மட்டும் கையில சிக்கட்டும், தோலை உரிச்சுடறேன்."

அபெலினோ நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தான். அந்த நேரம் பார்த்து மாமியார் டொமிட்டிலா, அக்டோபர் மாத வேண்டுதலின் ஊதா உடுப்போடு, கோயிலிலிருந்து வந்தாள்.

"அத்தை, தெரியாமத் தொட்டுட்டேன். மச்சான் வந்தா என்னைத் தெருவுல நிறுத்திடுவார்."

"எல்லாம் திருஷ்டி மாப்ளே. முட்டையால தடவி எடுத்தாப் போயிடும்."

குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலே அந்தத் தெருவில் முதலில் முட்டையைத்தான் தேடுவார்கள். அவள் திரையைத் தடவினாள், பெட்டியைத் தடவினாள், ஏதோ முணுமுணுத்தாள். காற்றுக்காக மேலே விட்டிருந்த ஓட்டைகள் பக்கம் வந்ததும் முட்டை டப்பென்று உடைந்தது. மஞ்சள் கரு உள்ளே இறங்கியது. லேசாகப் புகை கிளம்பி, திரை இருண்டது.

வாசலில் பைக் வந்து நின்றது.

ரோமுலோ புகையைப் பார்த்தான், மஞ்சளைப் பார்த்தான், மாப்பிள்ளையைப் பார்த்தான். அப்புறம் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதான். இரண்டு அறை விட்டிருந்தால்கூட அபெலினோ தாங்கியிருப்பான். மாடிக்குப் போய்ச் சூட்கேஸை எடுத்தான்.

பின்னாலேயே வந்த மாமியார் கதவைச் சாத்தினாள்.

"அதை உள்ள வைங்க மாப்ளே, அவன்கிட்ட நான் பேசிக்கறேன். இந்தக் கம்ப்யூட்டர் சனியனை விட்டுட்டு அவன் ஒரு கல்யாணம் பண்ணிக்கணும்னு வேண்டிக்கிட்டேன். சாமிக்கு ஒத்தாசையா நேத்து நான்தான் அதுல எதையோ அழிச்சுவிட்டேன். நீங்க பாட்டுக்கு அதைச் சரி பண்ணிடுவீங்களோன்னு பயந்துதான் முட்டையை உடைச்சேன்!"