தோரண மிஸியும் வழி மாறிய ஊர்வலமும்

ஜெர்மனி தேசத்தில் ஆணி அடிப்பதற்கு யாரிடமும் அனுமதி கேட்காத ஒரே பிறவி எங்கள் தோரண மிஸிதான். ஜெர்மன்காரர்களே ஒரு படத்தை மாட்டுவதற்கு முன் வீட்டுச் சொந்தக்காரருக்குக் கடிதம் எழுதிவிட்டு, பதில் வரும்வரை படத்தைத் தரையில் சாய்த்து வைத்திருப்பார்கள். மிஸியின் சீருடைப் பையில் ஒரு பக்கம் வெப்பமானி இருக்கும். மறுபக்கம் சுத்தியல்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. ஆஹென் நகரத்துக்கு வெளியே, ஒரு முட்டுச்சந்தின் முடிவில், வியாபாரம் படுத்து மூடிப்போன பழைய ஹோட்டல் ஒன்றில் எங்களை வைத்திருந்தார்கள். அகதி விண்ணப்பம் கொடுத்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்த முப்பத்துநான்கு ஆண்கள். வேலை செய்யக் கூடாது. மாவட்ட எல்லை தாண்டக் கூடாது. ஜன்னலில் உள்ளாடை காயப்போட்ட குற்றத்துக்கே விடுதிப் பொறுப்பாளரிடமிருந்து இரண்டு கடிதம் வந்திருந்தது. திங்களும் புதனும் சாப்பாட்டுப் பொதி வரும். அரிசி, கோவா என்கிற முட்டைக்கோஸ், கரட், லீக்ஸ். மறுபடியும் கோவா.

மிஸி பிலிப்பைன்ஸ்காரி. எதிரே இருந்த தாதியர் விடுதியில் இருந்தார். எங்கள் ஊரில் ஆஸ்பத்திரித் தாதி என்றாலே மிஸிதான், வேறு பெயர் தேவையில்லை. அவர் பேசிய ஜெர்மனும் நாங்கள் பேசிய ஜெர்மனும் ஒரே காலில் நொண்டும். அதனால் அவர் சொன்னதையெல்லாம் எங்கள் தமிழிலேயே எழுதிவிடுகிறேன். தமிழில் அவருக்குத் தெரிந்தவை இரண்டே சொற்கள். ஒன்று ஓம், அதாவது ஆமாம். மற்றது ஏலாது, அதாவது முடியாது. இரண்டாவதை மற்றவர்கள் சொன்னால் அவருக்குக் காது கேட்காது.

அவருடைய நாட்டில் ஒவ்வோர் ஊருக்கும் ஒரு திருவிழா. அத்தனையையும் ஆஹெனில் கொண்டாட வேண்டும் என்று அவருக்குப் பிடிவாதம். தை மாதத்தில், வெளிநாட்டவர் அலுவலகத்தின் வாசலில், பனிக்குள் வரிசையில் நின்ற எங்களைக் கண்டதும் வந்து சேர்ந்துகொண்டார். குழந்தை இயேசுவுக்காக அவர்களுடைய தீவொன்றில் ஆடும் ஆட்டமாம். இரண்டு அடி முன்னால், ஓர் அடி பின்னால்.

“ஆடுங்கோ, குளிராது!” என்றார்.

“மிஸி, இது எங்களுக்கு முந்தியே தெரிஞ்ச ஆட்டம்,” என்றார் சுன்னாகத்து அண்ணை. “எங்கட அன்ட்ராக் ரெண்டு வருஷமா உப்பிடித்தான் ஆடுது.” அன்ட்ராக் என்றால் எங்கள் அகதி விண்ணப்பம்.

சுன்னாகத்து அண்ணையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. சுன்னாகம் சந்தையில் மரக்கறிக்கடை வைத்திருந்தவர். இப்போது எங்கள் சமையல் தலைவர். எதைக் கேட்டாலும் முதலில் “ஏலாது” என்பார், பிறகு முழுவதையும் அவரே செய்து முடிப்பார். மிஸிக்கு அந்தச் சொல்லைக் கற்றுக்கொடுத்ததே அவர்தான்.

வைகாசியில் ஒரு நாள் மிஸி தெருவைக் கடந்து வந்தார். எங்கள் ஒருவரையும் பார்க்கவில்லை. கட்டிடத்தைப் பார்த்தார். விரல் நீட்டி ஜன்னல்களை எண்ணினார்.

“பதினெட்டு ஜன்னல். ஒரு பெரிய வாசல். எனக்கு இது வேணும்.”

“வாங்கப் போறியளோ மிஸி?” என்றேன்.

“கட்டித் தொங்கவிடப் போறன்.”

பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. மணிலாவுக்குத் தெற்கே மலையடிவாரத்தில் அவருடைய ஊர். அங்கே மே மாதத்தில் பஹியாஸ் என்று ஒரு விழா. உழவர்களின் காவலரான இசிதோர் என்ற புனிதருக்கு நன்றி சொல்வது. விளைந்தது எல்லாவற்றையும் வீட்டின் முகப்பில் தொங்கவிடுவார்கள்: நெற்கதிர், பயற்றங்காய், பூசணி, அன்னாசி, வாழைக்குலை. அரிசிமாவை இலைகளில் பூசி அவித்து, காயவைத்து, உரித்தெடுத்து, சாயமிட்டு, இலை வடிவிலேயே சரம் சரமாகக் கட்டுவார்கள். ஊர்வலம் ஒவ்வொரு வருஷமும் ஒவ்வொரு தெருவால் போகும். அந்த வருஷம் மிஸியின் தகப்பன் வீட்டுத் தெருவின் முறை.

ஆனால் வீடு இல்லை. போன புயலில் வீடும் போய், வயலில் மண்ணும் மூடிவிட்டது. தகப்பன் மணிலாவில் ஓர் உறவினர் வீட்டு மூலையில் உட்கார்ந்துவிட்டார். மகளுக்குக் கடிதம் எழுதியிருந்தார்: ‘இந்த முறை இசிதோர் என் வாசலைத் தேடி வருவார். எனக்கு வாசல் இல்லை. இனி நான் விதைக்க மாட்டேன்.’

“நான் பதில் எழுதிப்போட்டன்,” என்றார் மிஸி. “வாசல் இருக்கு, ஊர்வலம் வரும், படம் அனுப்புறன் எண்டு.”

“எந்த வாசல்?”

எங்கள் வாசலைக் காட்டினார். தாதியர் விடுதியில் அவருக்குத் தடை. முந்திய வருஷம் பல்கனியில் அவர் கட்டிய கரட் மாலையைத் தின்ன ஊர்ப் புறாக்கள் முழுவதும் இறங்க, தீயணைப்பு வண்டி வந்து கழற்றிக்கொண்டு போனதாம். அதைக் கேட்ட நிமிஷமே தோரண மிஸி என்ற பட்டத்தை நாங்கள் கொடுத்தோம்.

“ஏலாது,” என்றார் சுன்னாகத்து அண்ணை. “சாப்பாட்டைச் சுவரில தொங்கவிடுறதோ? ஆரந்த இசிதோர்?”

“கமக்காரர், வயல் உழுதவர். அவர் முழங்காலில நிண்டு செபிக்க, தேவதூதர் வந்து மாட்டைப் பிடிச்சு உழுவினம்.”

அண்ணை கொஞ்சம் யோசித்தார். “உப்பிடி ரெண்டு பேர் எனக்குக் கிடைச்சிருந்தால் நானும் எழும்பாமல் கும்பிட்டுக்கொண்டு இருந்திருப்பன். சரி, அரிசிமா எவ்வளவு வேணும்?”

மே மாதம் போதவில்லை. ஆனியில், ஒரு வியாழக்கிழமை, அந்த ஊர்க் கத்தோலிக்கர்கள் நற்கருணையை, அதாவது இயேசுவின் உடலாக அவர்கள் வணங்கும் அப்பத்தை, தெருத்தெருவாகக் கொண்டுபோகும் ஊர்வலம் வரும். மிஸி அதைக் குறிவைத்தார். “சாமிக்கு நாட்காட்டி தெரியும், பிந்தினால் கோபிக்க மாட்டார்” என்பது அவருடைய கணக்கு.

இலைதான் எங்களை வாட்டியது. கோவா இலை கிண்ணமாக வளைந்தது. ருபார்ப் இலையை ஓர் அயல் பெண் கண்டு, “அது நஞ்சு!” என்று வேலிக்கு மேலால் கத்தினாள். மேப்பிள் இலை மாவை விடமாட்டேன் என்றது. கடைசியில் செஸ்ட்நட் மரத்தின் இலை அகப்பட்டது. ஏழு விரல் விரித்த கை போன்றது. அவித்து, நிமிராமல் சுருண்டவற்றைப் பொறுப்பாளரின் தடித்த விதிமுறைக் கோப்புகளுக்குள் வைத்து நசுக்கினோம். அந்தக் கோப்புகளால் நாங்கள் கண்ட ஒரே பிரயோசனம் அதுதான். ஈஸ்டர் முட்டைக்கு அடிக்கும் சாயத்தைப் பூசினோம்.

“அப்பளத்துக்கும் அடைக்கும் பிறந்த பிள்ளை மாதிரிக் கிடக்கு,” என்றார் அண்ணை. அன்றிலிருந்து ஒருவரையும் அதில் கைவைக்க விடவில்லை.

எல்லாம் தயார். ஊர்வலம் மட்டும் தயாரில்லை. மிஸி மூன்று முறை பாதிரியாரிடம் போனார். உயரமான, சாந்தமான மனிதர். ஊர்வலத்தின் வழி அவருடைய காலத்துக்கு முன்பே முடிவானது, பொலிசிடம் வரைபடம் இருக்கிறது, எங்கள் சந்து அதில் இல்லை என்று மூன்று முறையும் சாந்தமாகவே சொன்னார். மூன்றாம் முறை திரும்பி வந்தபோது மிஸியின் கண் சிவந்திருந்தது.

“அப்ப படம்?” என்றேன்.

“படம் இருக்கும்,” என்று தன் கமராவை என் கையில் வைத்தார். “நீ வாசலைப் பார்த்துக்கொண்டு நில். வேற ஒண்டும் செய்யாதே.”

வியாழன் காலை பொறுப்பாளருக்கு விடுமுறை. சுத்தியல் சத்தத்தில் ஹோட்டலே அதிர்ந்தது. இரண்டு பொதிகளின் மரக்கறி முழுவதும் சுவரில் ஏறியது. பதினெட்டு ஜன்னலிலும் சிவப்பு, மஞ்சள், பச்சை அரிசி இலைகள். வாசலைச் சுற்றிக் கரட்டும் லீக்ஸும் முள்ளங்கியும். நிலைக்கு மேலே, நடுவில், ஒரு மாபெரும் கோவா. அண்ணை காவலுக்கு நின்றார், கையில் விளக்குமாற்றுடன்.

மிஸி ஊர்வலத்துக்குப் போய்விட்டார். பூத் தூவும் சிறுமிகளை நடத்திக்கொண்டு போகும் வேலையைத் தானாகவே கேட்டு வாங்கியிருந்தார். அந்த வேலையை அவருக்குக் கொடுத்ததுதான் பாதிரியார் செய்த ஒரே பிழை.

பிரதான வீதியால் ஊர்வலம் வந்தது. எங்கள் சந்து தொடங்கும் தலைப்புக்கு வந்ததும் எல்லாரும் நேரே போக வேண்டும். மிஸி இடப்பக்கம் திரும்பினார். யாரையும் பார்க்கவில்லை. நடையில் ஒரு தயக்கம் இல்லை. பூவைத் தூவிக்கொண்டே திரும்பினார். சிறுமிகள் அவருக்குப் பின்னால் திரும்பினார்கள். சிறுமிகளுக்குப் பின்னால் வாத்தியக் குழு. வாத்தியத்துக்குப் பின்னால் விதானத்தைத் தாங்கிய நால்வர். விதானத்துக்குள்ளே, ஏந்திய நற்கருணையை விட்டுக் கண்ணை எடுக்காமல், பாதிரியார். அவருக்குப் பின்னால் முந்நூறு ஜெர்மன்காரர். தலைப்பில் நின்ற பொலிஸ்காரர் தன் வரைபடத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சந்து முடிந்தது. ஊர்வலம் நின்றது. வாத்தியம் ஒவ்வொன்றாக அடங்கியது. பாதிரியார் கண்ணை உயர்த்தினார். மூன்று மாடிக்கு மரக்கறி. அதற்குக் கீழே, தோய்த்த சட்டை போட்டுக் கைகூப்பி நிற்கும் முப்பதுக்கு மேற்பட்ட கறுத்த மனிதர்கள்.

“சிஸ்டர்,” என்றார் மெதுவாக, “இது வழியில் இல்லையே.”

“இப்ப இருக்கு, ஃபாதர்.”

பாதிரியார் மேலே நடுவில் தொங்கிய கோவாவைப் பார்த்தார், மிஸியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். பிறகு நற்கருணையை உயர்த்தி எங்கள் வாசலை ஆசீர்வதித்தார். அவசர அவசரமாக மூன்று படம் எடுத்தேன்.

அப்போதுதான் ஒரு கிழவி வரிசையை விட்டு வந்து, வாசலிலிருந்து ஒரு முள்ளங்கியை இழுத்தாள்.

“ஏய்! ஏய்! வையுங்கோ அதை!” அண்ணையின் விளக்குமாறு உயர்ந்தது.

“ஏலாது!” என்று மிஸி பாய்ந்து வந்து குறுக்கே நின்றார். “சாமி போன பிறகு வந்தவை எல்லாரும் எடுக்கலாம். அதுதான் முறை. குடு! எல்லாத்தையும் குடு!”

“மிஸி, இது ஒரு கிழமைச் சாப்பாடு!”

“ஓம். குடு.”

அண்ணை விளக்குமாற்றைக் கீழே போட்டார். பிறகு, நான் கனவிலும் எதிர்பார்க்காத ஒரு குரல் அவரிடமிருந்து புறப்பட்டது. “வாங்கோ அம்மா வாங்கோ! காலமை பிடுங்கின கரட்! இஞ்சால வாங்கோ ஐயா, லீக்ஸைப் பாருங்கோ!” அத்தனையும் தமிழில். ஜெர்மன்காரர்கள் வரிசை கட்டினார்கள். அவர்களுக்கு வரிசை மட்டும் எந்த மொழியிலும் புரியும். கடைசிக் கரட்டையும் கொடுத்து முடித்தபோது அண்ணையின் சட்டை நனைந்திருந்தது, முகம் சந்தைக்காரர் முகமாக இருந்தது.

அந்த வாரம் முழுக்க வெறும் சோறும் மிளகாய்த்தூளும் என்று நினைத்தோம். மறுநாள் அதே கிழவி ஒரு கூடை முட்டையோடு வந்தாள். பொறுப்பாளரிடமிருந்தும் ஒரு கடிதம் வந்தது. ஆணித் துவாரங்கள் அறுபத்திரண்டு என்று அதில் எண்ணி எழுதியிருந்தது.

மூன்று படங்களில் ஒன்று என் பெருவிரல். மற்றொன்று ஊதுகுழல்காரரின் கன்னம். மூன்றாவதில் எல்லாம் இருந்தது: வாசல், விதானம், ஆசீர்வாதம், நாங்கள். அது மணிலாவுக்குப் போனது.

ஆவணியில் பதில் வந்தது. நாங்கள் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது மிஸி ஓடி வந்து, கதவடியில் நின்றபடியே வாசித்தார். தகப்பன் ஊருக்குத் திரும்பிவிட்டார். மண்ணை அள்ளத் தொடங்கிவிட்டார். ‘வாசல் நல்ல வாசல். அதில் நிற்கும் பிள்ளைகள்தான் மெலிந்திருக்கிறார்கள். அவர்களுக்காகச் செபிக்க வேண்டும், ஒவ்வொருவருடைய பெயரும் அனுப்பு.’

மிஸி தாளும் பேனாவும் எடுத்து உட்கார்ந்தார். ஜெர்மனிக்கு வந்த நாள் முதல் எத்தனையோ பேர் எங்கள் பெயரை எழுதிக்கொண்டார்கள். இப்படிக் கேட்டு எழுதியவர் ஒருவரும் இல்லை. சுன்னாகத்து அண்ணை தன் பெயரைத் தகப்பன் பெயரோடு சொல்லி, எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தார். முப்பத்துநான்கு பெயரும் ஏறி முடியச் சோறு ஆறிவிட்டது.

அப்போதுதான் எங்களில் ஒருவனுக்கு வெட்கம் வந்தது. “மிஸி, உங்கட பேர் என்ன?”

சொன்னார். அதை இங்கே எழுத மாட்டேன். நான் சாமி கும்பிடும்போது சொல்லுகிற பெயர்களில் அது இன்னும் இருக்கிறது.