வண்டலூர் திரிபுரசுந்தரியின் ஐந்து நட்சத்திரம்

இந்த வருஷம் எப்படியும் ஹோம் தியேட்டர் ரிசீவர் வாங்கியே தீருவது என்று ஜனவரி ஒன்றாம் தேதி காலை கண்ணாடி முன்னால் நின்று சபதம் செய்தேன். குரலைக் கொஞ்சம் தாழ்த்தித்தான் செய்தேன். சமையலறையில் ஆள் இருந்தது.

ரிசீவர் என்பது ஒரு கறுப்புப் பெட்டி. டிவியின் சத்தத்தை வாங்கி, முன்னால் மூன்று, பின்னால் இரண்டு என ஐந்து ஸ்பீக்கருக்கும், மூலையில் உட்கார்ந்து உறுமுகிற ஒரு பூஃபருக்கும் பங்கு பிரித்துக் கொடுக்கும். படத்தில் மழை பெய்தால் நம் முதுகுக்குப் பின்னால் பெய்யும். ராஜகீழ்ப்பாக்கத்தில் மூன்றாவது மாடியில் குடியிருக்கும் மதியழகன் என்கிற ஒரு மனிதன், ஐம்பத்து மூன்று வயதில், ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரே ஒரு படத்தை முழுச் சத்தத்தோடு பார்க்க ஆசைப்படுவது குற்றமா? எங்கள் வீட்டு டிவி பதினோராம் நம்பருக்கு மேல் சத்தம் போட்டதே இல்லை. பன்னிரண்டு வைத்தால், "ஏங்க, உங்களுக்குக் காது கேக்கலையா?" என்பாள் ஜெயப்ரியா. பதினொன்றில் வைத்தால் உண்மையிலேயே கேட்காது.

ஜெயப்ரியா என் மனைவி. "வேண்டாம்" என்று சொல்கிற ரகம் இல்லை. அப்படிச் சொன்னாலாவது சண்டை போடலாம். "வாங்கினவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாமே" என்பாள். அதுதான் அவள் கட்சி. எதை வாங்குவதானாலும், ஏற்கெனவே வாங்கினவர் வீட்டுக்குப் போய், பார்த்து, தொட்டு, கேட்டு, அப்புறம்தான். கிரைண்டர் வாங்குவதற்கு முன்னால் சேலையூரில் ஒரு வீட்டுக்கு ஊறவைத்த அரிசியோடு போய், அரைத்துப் பார்த்துவிட்டு மாவோடு திரும்பினாள். மெத்தை வாங்குவதற்கு முன்னால் பெருங்களத்தூரில் யாரோ ஒரு சரிதா வீட்டுக் கட்டிலில் இருபது நிமிஷம் படுத்திருந்தாள். அந்த வீட்டு மனிதர் அதுவரை என்னோடு பால்கனியில் நின்றுகொண்டிருந்தார். எங்கள் இரண்டு பேருக்கும் பேச ஒன்றும் இருக்கவில்லை.

ரிசீவர் வாங்கின வீடு எங்கள் வட்டாரத்தில் ஒன்றுகூட அகப்படவில்லை. "அதான் ஆன்லைன்ல வாங்கினவங்க கருத்து போடறாங்களே, அதைப் படிங்க" என்றாள்.

படித்தேன். ஐயா, படித்தேன். மொத்தம் நாற்பத்தொரு கருத்துகள். யார் யார் கையிலெல்லாம் ஃபோனைக் கொடுத்துவிட்டார்கள் என்று எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. ஒருவர் ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்திருந்தார். காரணம்? "டெலிவரி ஆள் மாடி ஏறவில்லை." ஏறாதது ஆள், தண்டனை ரிசீவருக்கு! இன்னொருவர், "பெட்டி கறுப்பாக இருக்கிறது" என்று இரண்டு நட்சத்திரம். படத்திலும் கறுப்பாகத்தானே ஐயா போட்டிருந்தார்கள்? மூன்றாமவர் ஐந்து நட்சத்திரம் கொடுத்து, "மிக அருமை. இன்னும் பெட்டியைப் பிரிக்கவில்லை" என்று எழுதியிருந்தார். நாலாமவர், "சத்தம் அதிகம். மாமனார் கோபித்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார்." இது பாராட்டா, புகாரா? அவருக்கே தெரியாமல் மூன்று கொடுத்திருந்தார்.

ஜெயப்ரியா ஒற்றை நட்சத்திரங்களை மட்டும் பொறுக்கியெடுத்துப் படித்தாள்.

"இங்க பாருங்க. 'ரிமோட் சின்னது, சோபா இடுக்குல போயிடுது'ன்னு போட்டிருக்கார்."

"அது சோபாவோட தப்பு!"

"நம்ம வீட்லயும் சோபா இருக்கே."

"ஜெயா, முப்பது பேர் நல்லா இருக்குன்னு எழுதியிருக்காங்க."

"எல்லாரும் ஆம்பளைங்க. வீட்ல அதோட குடும்பம் நடத்தற பொம்பளை ஒருத்தி நல்லா இருக்குன்னு எழுதட்டும். மறுநாளே வாங்கிடலாம்."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை கிண்டி ஆபீசுக்குப் போகும் மின்சார ரயிலில், குரோம்பேட்டைக்கும் பல்லாவரத்துக்கும் நடுவில், ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அவளைப் பெற்றெடுத்தேன். பெயர் திரிபுரசுந்தரி. ஊர் வண்டலூர். அவள் கருத்து இதோ:

"நான் ஒரு இல்லத்தரசி. என் கணவர் இந்த ரிசீவரை வாங்க ஆசைப்பட்டபோது நான்தான் தடுத்தேன். அதை நினைத்து இன்று வெட்கப்படுகிறேன். அவர் சொன்னதுதான் சரி. எப்போதும் அவர் சொல்வதுதான் சரியாக இருக்கும். ஞாயிறு மதியம் அவர் படம் பார்க்கும்போது வீடே நிறைந்துவிடுகிறது. ஐந்து நட்சத்திரம்."

திரும்பப் படித்துப் பார்த்தேன். எனக்கே கண் கலங்கியது. எப்பேர்ப்பட்ட பெண்மணி!

சாயங்காலம் காபி குடித்துக்கொண்டே, தற்செயலாகக் கண்ணில் பட்டதுபோல ஜெயப்ரியாவிடம் காட்டினேன். இரண்டு தடவை படித்தாள். 

"பாவம், மனசு விட்டு எழுதியிருக்காங்க" என்றாள். "வண்டலூர்தானே? ஞாயித்துக்கிழமை போய்ப் பார்த்துட்டு வந்துடலாம்."

காபி எனக்குப் புரையேறியது.

"முன்னப்பின்ன தெரியாதவங்க வீட்டுக்கு எப்படிப் போறது?"

"பெருங்களத்தூர் சரிதாவை முன்னப்பின்ன தெரியுமா? மெத்தை நல்லாத்தானே இருக்கு? இங்கயே வாங்கினவங்களைக் கேள்வி கேக்க இடம் விட்டிருக்கான். அட்ரஸ் கேக்கறேன்."

கேட்டும் விட்டாள். அவள் பொத்தானை அழுத்திய மறுநொடி என் சட்டைப் பையில் ஃபோன் 'டிங்' என்றது. நான் உரக்க இருமினேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நல்லவேளை என்று பாத்ரூமுக்கு ஓடித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு பதில் எழுதினேன். "வணக்கம் சகோதரி. மகள் பிரசவத்துக்காக வெளியூர் வந்திருக்கிறோம். திரும்ப ஆறு மாதம் ஆகும். என்ன வேண்டுமானாலும் இங்கேயே கேளுங்கள், சொல்கிறேன்."

அந்தக் கடைசி வாக்கியத்தை எழுதிய விரலை இன்றுவரை திட்டிக்கொண்டிருக்கிறேன்.

கேள்விகள் வர ஆரம்பித்தன. நான் ரயிலில் ஏறக் காத்திருந்ததுபோல, நாள் தவறாமல் வந்தன. "அக்கா, அஞ்சு ஸ்பீக்கர்லயும் தூசி படியுமே, யார் துடைப்பாங்க?" நான்தான் என்று திரிபுரசுந்தரி சொன்னால் ஜெயப்ரியா பின்வாங்கிவிடுவாள். "என் கணவர்தான்" என்று எழுதினேன். "வாரம் ஒரு தடவையா?" "தினமும்." திரிசூலத்தில் அடுத்த கேள்வி. "ஞாயித்துக்கிழமை அவர் படம் பார்த்தா சமையல் யாரு?" "அவரே சமைத்து முடித்துவிட்டுத்தான் பார்ப்பார்." மீனம்பாக்கத்தில் இன்னொன்று. "பாத்திரம்?" "அதுவும்." "உங்க தங்கச்சி வந்தா முகத்தைத் தூக்கி வெச்சுப்பாரா?" "ஸ்டேஷனுக்கே போய் அழைத்து வருவார்."

எனக்கென்ன நஷ்டம்? இல்லாத வீட்டில் இல்லாத மனிதன் பாத்திரம் தேய்க்கிறான். எவ்வளவு வேண்டுமானாலும் தேய்க்கட்டும் என்று தாராளமாக இருந்துவிட்டேன். எனக்குப் பெட்டி வீட்டுக்குள் வந்தால் போதும்.

பத்தாம் நாள் ஜெயப்ரியா சொன்னாள். "சரி, வாங்கிடுங்க."

வாங்கினேன். டெலிவரி ஆள் மூன்று மாடியும் ஏறிக் கொண்டுவந்து கொடுத்தார். அரை நாள் லீவு போட்டு, ஒயர் இழுத்து, ஐந்து ஸ்பீக்கரையும் அதது இடத்தில் நிறுத்திவிட்டு, வெற்றிப் புன்னகையோடு தண்ணீர் எடுக்க ஃபிரிட்ஜைத் திறக்கப் போனேன். கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஜெயப்ரியாவின் கையெழுத்து. தலைப்பு, 'திரிபுரசுந்தரி அக்கா வீட்டு முறை'.

"என்ன இது?"

"அவங்க எழுதின பதிலெல்லாம் மறந்துடக் கூடாதுன்னு எழுதி வெச்சேன். அவங்க வீட்ல இப்படித்தான் பண்றாங்களாம். அதான் அவ்வளவு நல்லா வேலை செய்யுது போல."

"தூசி துடைக்கறது சரி. பாத்திரம் தேய்க்கறதுக்கும் ரிசீவருக்கும் என்ன சம்பந்தம்?"

"எனக்கென்னங்க தெரியும்? வாங்கி அனுபவிச்சவங்க சொல்றாங்க. நமக்கு ஒத்து வரலைன்னா பத்து நாளைக்குள்ள திருப்பி அனுப்பிடலாமாம்."

திருப்பியா! என் பூஃபரையா!

துடைத்தேன். தேய்த்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை தாம்பரம் ஸ்டேஷனுக்குப் போய், ஜெயப்ரியாவின் தங்கை ஓவியாவை அழைத்துவந்தேன். சாம்பார் வைத்தேன், உருளைக்கிழங்கு வறுத்தேன், அப்பளம் பொரித்தேன். பாத்திரத்தைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு, இப்போதாவது என் படம் என்று நான் ஈரக் கையோடு ஹாலுக்கு வந்தபோது, அக்காவும் தங்கையும் கால் நீட்டி உட்கார்ந்து பாட்டுப் போட்டி பார்த்துக்கொண்டிருந்தார்கள். சத்தம் எத்தனையில் தெரியுமா? முப்பத்து நாலில்! என் சோபா, என் ரிசீவர், எனக்கு உட்கார இடம் இல்லை.

"அத்தான், சவுண்டு சூப்பர்!" என்று கத்தினாள் ஓவியா. "நாலு மணிக்கு பஜ்ஜி போடுவீங்களாமே? அக்கா சொன்னா."

பஜ்ஜியைப் பற்றித் திரிபுரசுந்தரி ஒரு வார்த்தை எழுதவில்லை. சத்தியமாக எழுதவில்லை. ஆனால் அதை நான் எப்படிச் சொல்வது?

திங்கட்கிழமை காலை கீழ் வீட்டு எலியேசர் மாடி ஏறி வந்தார். ரயில்வே வொர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். முகம் சிவந்திருந்தது. ஜெயப்ரியா அந்தக் கருத்தையும் பதில்களையும் அப்படியே எங்கள் அடுக்ககத்துப் பெண்கள் வாட்ஸாப் குழுவில் போட்டிருக்கிறாள்.

"மதி சார், இன்னா சார் அநியாயம் இது? வண்டலூர்ல எவளோ ஒருத்தி எழுதி வெச்சிக்கீறாளாம். எங்க வூட்ல ரத்தினபாய் அத்தப் படிச்சிட்டு ஒரே பேஜார். டெய்லி ஒட்டடை அடிக்கிறேன் சார், பாத்திரம் கழுவுறேன்."

"நீங்களும் ரிசீவர் வாங்கிட்டீங்களா?"

"எங்க வூட்ல ரேடியோ கூட கெடயாது சார்!"

கையிலிருந்த ஃபோனை அவசரமாகச் சட்டைப் பைக்குள் தள்ளினேன்.

"அந்தம்மா கெடக்கட்டும் சார். அவ வூட்டுக்காரன் இருக்கான் பாரு, சொரணை கெட்டவன், அவன் மட்டும் என் கைல மாட்னான்..."

"நானும் வரேன் சார்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். யோசித்துப் பாருங்கள். சமைக்கச் சொன்னால் சமைக்கிறான், தேய்க்கச் சொன்னால் தேய்க்கிறான், மச்சினியை அழைத்துவர ஸ்டேஷனுக்கு ஓடுகிறான். ஒரு தடவையாவது 'முடியாது' என்று சொல்லியிருக்கிறானா? அவனைப் போன்றவர்களால்தான் மற்ற ஆண்களுக்கு மரியாதை போகிறது.

அன்றைக்கே ரயிலில் ஒரு திருத்தம் போட்டேன். "அன்புச் சகோதரிகளுக்கு, என் கணவர் இப்போது வீட்டு வேலை எதுவும் செய்வதில்லை. ஆனாலும் ரிசீவர் முன்னைவிட நன்றாகவே பாடுகிறது. திரிபுரசுந்தரி, வண்டலூர்."

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தபோது ஹால் நடுவில் ரிசீவரின் அட்டைப்பெட்டி திறந்து கிடந்தது. ஜெயப்ரியா பின் ஸ்பீக்கர் ஒன்றைத் தெர்மகோலில் வைத்து அமுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஜெயா! என்ன பண்ற?"

"அந்தக்கா புதுசா எழுதியிருக்காங்க, பார்க்கலையா? நாள் ஆக ஆக இந்த ரிசீவர் ஆம்பளைங்களைச் சோம்பேறி ஆக்கிடுது போல. நமக்கு வேணாம்ப்பா. திருப்பி அனுப்ப இன்னும் நாலு நாள் இருக்கு."

"அப்படியெல்லாம் இல்ல!"

"உங்களுக்கு எப்படித் தெரியும்? அனுபவிச்சவங்க அவங்க."

அவள் பூஃபரின் ஒயரைப் பிடுங்கினாள். அது கடைசியாக ஒரு தடவை 'டொப்' என்றது. என் நெஞ்சும் அப்படியே சொன்னது. இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

"ஜெயா, நிறுத்து! திரிபுரசுந்தரின்னு ஒருத்தியே கிடையாது. நான்தான் எழுதினேன். எல்லாம் நான்தான்!"

அவள் டேப்பைப் பல்லால் கடித்துக் கிழித்தாள். "தெரியும்."

"தெரியுமா? எப்போலேருந்து?"

"முதல் நாள்லேருந்து. 'எப்போதும் அவர் சொல்வதுதான் சரி'ன்னு எந்தப் பொம்பளை எழுதுவா?"

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை நாள் ரயிலில் தொங்கிக்கொண்டு, பாத்ரூமில் ஒளிந்துகொண்டு, நான் பட்ட பாடு என்ன!

"தெரிஞ்சுமா அத்தனை கேள்வி கேட்ட? நேரா என்னைக் கேக்க வேண்டியதுதானே?"

ஜெயப்ரியா டேப்பைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். 

"இருபத்தாறு வருஷமா நேராத்தான் கேட்டேன். பேப்பரை விட்டு ஒரு நாள் தலையைத் தூக்கியிருக்கீங்களா? அந்தக்கா ரெண்டு நிமிஷத்துல பதில் போடறாங்க."

அவள் சொன்னது அத்தனையும் உண்மை. அது இன்னும் ஆத்திரமாக இருந்தது.

"சொல்லுங்க. பெட்டி இருக்கணுமா, போகணுமா?"

"இருக்கட்டும்" என்றேன். குரல் பதினோராம் நம்பரில்கூட வரவில்லை.

அவள் தெர்மகோலை எடுத்து ஓரமாக வைத்தாள். சோபாவின் அந்தக் கோடியில் போய் உட்கார்ந்து ஃபோனில் என்னவோ தட்டினாள். இந்தக் கோடியில் உட்கார்ந்திருந்த என் பையில் சத்தம் வந்தது. எடுத்துப் பார்த்தேன்.

"அக்கா, உங்க வீட்ல துவைச்ச துணியை யார் மடிப்பாங்க?"

அவள் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றடி தூரம்தான். வாயால் சொன்னாலே கேட்கும். நான் ஃபோனில், "என் கணவர்தான், சகோதரி" என்று தட்டினேன்.