நெருப்பாகப் பேசிய பக்கிரிசாமி

பக்கிரிசாமிக்கு வந்த கோபம் மூன்று நாளாகியும் இறங்கவில்லை. மரவள்ளிக் கிழங்கைக் கோபமாகத் தோலுரித்தார், கோபமாகத் தின்றார். படுக்கையில் அவர் பல்லைக் கடிக்கிற சத்தத்தில் மனைவி மருதம்மாளுக்குத் தூக்கம் போயிற்று.

காரணம், ரப்பர் தோட்டத்து ஆபீஸ் சுவரில் ஒட்டியிருந்த ஒரு காகிதம். சயாமில் ஜப்பான்காரன் போடுகிற ரயில் பாதைக்கு இந்தத் தோட்டத்திலிருந்து இருபது ஆள். போன தடவை போனவர்களில் ஒருவன்கூடத் திரும்பி வரவில்லை. இந்தத் தடவை ஏழாவது பெயர் சின்னையா, பக்கிரிசாமியின் மருமகன். மகள் சந்திரா அப்போது ஐந்து மாதக் கர்ப்பம்.

பட்டியல் எழுதியது ஆபீஸில் கணக்கு எழுதுகிற கிராணி. வெள்ளைக்கார துரை ஓடிப்போன மறுநாளே துரையின் பங்களாவில் குடியேறிய புண்ணியவான். பங்களாவில் சும்மா உட்கார்ந்து தின்கிற மச்சான்மார் மூன்று பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவன் பெயராவது பட்டியலில் உண்டா? இல்லை. கோபம் வராமல் என்ன செய்யும்?

மூன்றாம் நாள் காலை, ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் கிராணி ஒரு புது உத்தரவைப் படித்தார்.

"சுங்கைப் பட்டாணி ஜப்பான்காரன் ஆபீஸ்லேருந்து ஆர்டர். தோட்டத்துக்கு ஒரு தலைவர் வேணுமாம். நீங்களே தேர்ந்தெடுக்கணும், நாளைக்கு யாரும் குறை சொல்லக் கூடாது. தலைவர் வீட்டு ஆளு ஒருத்தருக்குச் சயாம் விலக்கு. அடுத்த வியாழக்கிழமை ஓட்டு. யாரு நிக்கிறீங்க?"

"நானு!" என்று பக்கிரிசாமி போட்ட சத்தத்தில் பக்கத்தில் நின்றவன் துள்ளிவிட்டான்.

உயர்ந்த இன்னொரு கை, ஆட்களை வேலை வாங்குகிற தண்டல் தர்மலிங்கத்தினுடையது. கிராணிக்குக் குடை பிடிக்கிற ஆள். இரண்டு பெயரையும் எழுதி அன்றைக்கே ஜப்பான்காரனுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் கோயில் முன்னால் பக்கிரிசாமி முதல் கூட்டம் போட்டார். நாலு பேர் வந்தார்கள்.

"நமக்கு வர்ற அரிசி மூட்டை கிராணி வீட்டுப் பின்வாசல் வழியா லூனாஸ் பசாருக்குப் போவுது. நம்ம புள்ளைங்க கிழங்கு தின்னு வயிறு ஊதிக் கிடக்குது. பட்டியல்ல அவரு மச்சான் பேரு ஒண்ணு இருக்கா? கேக்கணுமா வேணாமா?"

ஒவ்வொரு வார்த்தையும் சத்தியம். கேட்ட நாலு பேரில் ஒருவன் கொட்டாவி விட்டான். ஒருவன் எழுந்து போனான். மூன்றாமவன், "கூட்டத்துல காப்பி ஏதும் குடுப்பீங்களாண்ணே?" என்று கேட்டான். நாட்டில் காப்பித்தூளைக் கண்ணால் பார்த்து ஒரு வருஷமாகியிருந்தது.

நாலாவது ஆள் அப்பளசாமி. முன்பு லூனாஸ் கள்ளுக்கடையில் கள் ஊற்றிக் கொடுத்தவன், இப்போது கடையும் இல்லை, கள்ளும் இல்லை, வாய் மட்டும் மிச்சம்.

"அண்ணே, உண்மையைச் சொன்னா எவன் உக்காந்து கேப்பான்? அதுதான் எல்லாருக்கும் தெரியுமே லா."

"பின்ன என்னத்தச் சொல்றது?"

"கள்ளுக்கடையில பத்து வருசம் பாத்தவன் சொல்றேன். ஒருத்தன் நியாயம் பேசினா பக்கத்துல இருக்கிறவன் வேற பெஞ்சுக்குப் போயிருவான். ஒருத்தன் இன்னொருத்தனைக் கேவலமா ஒரு வார்த்தை சொல்லட்டும், தெருவே வந்து வாசல்ல நிக்கும். நெருப்பாப் பேசுங்க. சுருக்குன்னு தைக்கணும். கூட்டம் வந்தா ஓட்டும் வந்துரும்."

மூன்று நாள் கோபத்துக்கு அன்றைக்குத்தான் ஒரு வாய்க்கால் கிடைத்தது.

மறுநாள் கூட்டத்தில் பக்கிரிசாமி எடுத்த எடுப்பிலேயே ஆரம்பித்தார். "இந்தத் தர்மலிங்கம் இருக்கானே, ஜப்பான்காரனுக்குக் குனிஞ்சு குனிஞ்சு முதுகுல எலும்பே இல்லாமப் போச்சு. இவனெல்லாம் ஒரு ஆம்பளையா?"

சிரிப்பு வெடித்தது. கேட்ட சத்தத்துக்குத் தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளிலிருந்து ஓடி வந்தார்கள். பக்கிரிசாமி பேசி முடிக்கும்போது நாற்பது தலை இருந்தது. அவர் ஒன்று விடாமல் எண்ணினார்.

காலையில் மேட்டு லயத்துப் பெரியவர் அய்யாவு வழியை மறித்தார். "ஏம்ப்பா, குனியாட்டி கன்னத்துல அறை விழுது. நானும்தான் குனியறேன். நேத்து நீயும்தான் குனிஞ்ச. மேட்டு லயம் மொத்தமும் ஆம்பளை இல்லைன்னு சொல்றியா?"

பக்கிரிசாமி விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். மேட்டு லயம் என்றால் முப்பது ஓட்டு.

"இதுக்கா கலங்குறீங்க?" என்றான் அப்பளசாமி. "பள்ளத்து லயத்தை நாலு வார்த்தை திட்டுங்க. மேட்டு லயம் குளுந்து போயிரும்."

"பள்ளத்து லயத்துலதானே நான் குடியிருக்கேன்?"

"அவங்க ஒங்க ஆளுங்க, எங்க போயிருவாங்க?"

அன்று சாயங்காலம் பள்ளத்து லயத்துக்காரர்கள் ஒரு வாரக் கிழங்கை ரெண்டு நாளில் தின்றுவிட்டு மேட்டு லயத்தில் போய்க் கையேந்துகிற சோம்பேறிகள் ஆனார்கள். எண்பது பேர் கேட்டார்கள். மேட்டு லயம் கை தட்டியது, ஆனால் குளிரவில்லை. பள்ளத்து லயம் கொதித்தது. பக்கத்து வீட்டுக்காரன் தன் வாசலில் இருந்த பக்கிரிசாமியின் மண்வெட்டியைத் தூக்கி எறிந்துவிட்டுக் கதவைச் சாத்தினான்.

"ரெண்டு லயத்து ஆம்பளைங்களும் ஒண்ணு சேர்ற மாதிரி ஒண்ணு இருக்கு," என்றான் அப்பளசாமி. "பொம்பளைங்களைத் திட்டுங்க."

இந்த இடத்திலாவது பக்கிரிசாமி யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. கூட்டம் நாளுக்கு நாள் பெருத்துக்கொண்டிருந்தது. சின்னையாவின் உயிர் அந்தத் தலைகளில்தான் இருக்கிறது என்று அவர் நம்பினார். தெருவில் ஒருவன் பாம்பை அடித்தாலும்தான் கூட்டம் கூடுகிறது. அடிக்கிறவனுக்கு யார் ஓட்டுப் போடுவார்கள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

"கிராணிக்கு நம்ம ரகசியம் எப்படிப் போவுது? பைப்படியில கூடுற நம்ம பொம்பளைங்க வாயாலதான் போவுது! அதுலயும் ஆயாக்கொட்டகை ராக்காயி, புள்ளைங்களைப் பாத்துக்கிற நேரத்தை விட ஊர்வம்பு பேசுற நேரம்தான் சாஸ்தி!"

ஆண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்று சிரித்த ஒருவன் வீட்டிலும் உலை ஏறவில்லை. மறுநாள் தண்ணீருக்குப் போன மருதம்மாளின் குடத்தை ராக்காயி காலால் தள்ளிவிட்டாள். "வம்பு பேசுற எடத்துல ஒனக்கென்ன வேலை? ஒம் புருசன் வாயிலேருந்து ஊத்துதே, அதைப் புடிச்சுக் குடி!"

மருதம்மாள் நசுங்கிய குடத்தைப் பக்கிரிசாமியின் காலடியில் போட்டாள்.

"லயத்துல எந்தச் சேதியா இருந்தாலும் பைப்படியிலதான் வரும். இனிமே நான் ஓடையில போய்த் தண்ணி தூக்கணும். அடுப்புக்கு ஒரு கங்கு நெருப்புக் குடுக்க ஆளில்ல. சந்திராவுக்கு வலி எடுத்தா எவ வந்து நிப்பா? அதையும் கூட்டம் போட்டுக் கேப்பீங்களா?"

பக்கிரிசாமிக்குச் சுருக்கென்றது. உண்மையாகவே மன்னிப்புக் கேட்கலாம் என்றுதான் செவ்வாய்க்கிழமை கோயில் முன்னால் நின்றார். ஆனால் நாலைந்து நாளாகத் திட்டிப் பழகிய நாக்கு திரும்ப மறுத்தது.

"நான் பேசினது தப்புத்தான். புத்தியுள்ளவங்க தப்பா எடுத்திருக்க மாட்டாங்க. எடுத்துக்கிட்டவங்களுக்கு அது இல்லைன்னு எனக்கு முன்னாடியே தெரியாமப் போச்சு!"

கூட்டம் கத்தியது. ஒரு கிழங்குத் துண்டு அவர் காதோரம் பறந்தது.

"எல்லாம் இந்தக் கள்ளுக்கடை நாயி சொல்லிக் குடுத்தது!" என்று அப்பளசாமியைக் காட்டினார். அப்பளசாமியும் எழுந்து போய்விட்டான். அவரோடு பேசிக்கொண்டிருந்த கடைசி ஆள் அவன்தான்.

புதன்கிழமை விசித்திரமாக இருந்தது. லயம் முழுக்க ஏதோ கிசுகிசு. பக்கிரிசாமி கிட்டே போனால் பேச்சு நின்றது. தர்மலிங்கம் முகம் வெளுத்து, வீடு வீடாக ஏறிக் கையெடுத்துக் கும்பிட்டுக் கெஞ்சிக்கொண்டிருந்தான். ஒரு வீட்டில் காலிலேயே விழுந்தான். சொந்த அண்ணன் வீட்டில் அழுதான்.

"பாத்தியா, ஓட்டுப் பிச்சை எடுக்கிறான்," என்றார் பக்கிரிசாமி மருமகனிடம். "பயந்துட்டான்."

"மாமா, எனக்காக நீங்க இவ்வளவு பேச்சு வாங்க வேணாம். நான் போயிர்றேன்," என்றான் சின்னையா.

"வாயை மூடு. ஒம் புள்ள ஒன் மூஞ்சியைப் பாக்கணும்."

வியாழக்கிழமை பெரட்டுக் களத்தில் இரண்டு பால் வாளி வைத்தார்கள். ஆளுக்கு ஒரு ரப்பர் கொட்டை. வலது வாளி பக்கிரிசாமிக்கு, இடது வாளி தர்மலிங்கத்துக்கு. மேட்டு லயம் வரிசையாக வந்து வலது வாளியில் போட்டது. பள்ளத்து லயமும் வலது வாளியில் போட்டது. அய்யாவு போட்டார். அப்பளசாமி போட்டான். பெண்கள் கொட்டையை வீசிய வேகத்தில் தகர வாளி அதிர்ந்தது. தர்மலிங்கமே வலது வாளியில் போட்டுவிட்டு இரண்டு கையாலும் கும்பிட்டான்.

பக்கிரிசாமிக்குக் கண் கலங்கியது. அப்பளசாமியை நாய் என்று சொல்லியிருக்கக் கூடாது, அவன் சொன்னது எத்தனை உண்மை! நெருப்பாகப் பேசினால் எதிராளிகூட உருகிவிடுகிறான். தனக்குத் தானே ஓட்டுப் போட்டுக்கொள்வது அசிங்கம் என்று அவர் தன் கொட்டையை மட்டும் தர்மலிங்கத்தின் வாளியில் போட்டார். அதைப் பார்த்த தர்மலிங்கம் ஓடி வந்து தன் வாளிக்குள் எட்டிப் பார்த்தான்.

வலது வாளியில் நூற்றுப் பன்னிரண்டு. இடது வாளியில் ஒன்று.

வெள்ளிக்கிழமை காலையில் லாரி வந்தது. துப்பாக்கியோடு இரண்டு சிப்பாய்கள். கிராணி பக்கிரிசாமியின் கையில் ஒரு துணிப்பட்டையைக் கட்டி, பட்டியலையும் பென்சிலையும் கொடுத்தார்.

"ஒங்க வீட்டு ஆளு பேரை நீங்களே அடிச்சிருங்க தலைவரே."

அவர் அடித்த அடியில் காகிதம் கிழிந்தது. சந்திரா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு விம்மினாள். ஒரு வாரமாக அவருக்குள் எரிந்தது அந்த நிமிஷம்தான் அணைந்தது. அணைந்ததும் மற்ற பத்தொன்பது பேரின் முகமும் கண்ணில் பட்டது. ஒவ்வொருவனுக்கும் பின்னால் ஒரு பெண் நின்றாள், ஒரு குழந்தை நின்றது. அவருக்கு வெட்கமாக இருந்தது.

"தலைவரே, நீங்க மொதல்ல ஏறுங்க," என்றார் கிராணி.

கோயிலில் தேங்காய் உடைத்தாலும் தலைவருக்குத்தான் முதல் மரியாதை. பக்கிரிசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு லாரியில் ஏறி, உயரத்தில் நின்று எல்லாரையும் பார்த்தார்.

"நான் ஒங்களையெல்லாம் ரொம்பக் கேவலமாப் பேசிட்டேன். எல்லாம் பொய். எம் மருமவனைக் காப்பாத்தணும்னு வெறி புடிச்சுப் பேசிட்டேன். போறவங்க குடும்பத்தை எங் குடும்பமாப் பாத்துக்குவேன். கிராணி அரிசியை மறைச்சா நானே கதவை ஒடைக்கிறேன். என்னை மன்னிச்சுருங்க."

அந்த ஒரு வாரத்தில் அவர் யாரையும் குத்தாமல் பேசியது அது ஒன்றுதான். ஒருவரும் கொட்டாவி விடவில்லை. அய்யாவு தலையைக் குனிந்துகொண்டார். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். பேச்சு இறங்கிவிட்டது என்று பக்கிரிசாமிக்கு மனம் நிறைந்தது.

ஒவ்வொருவராக ஏறினார்கள். சிப்பாய் எண்ணினான். கிராணி பட்டியலின் அடியில் எழுதினார், "இருபது."

"பத்தொம்பதுங்க," என்றார் பக்கிரிசாமி மேலிருந்து. "மருமவனைத்தான் அடிச்சாச்சே."

"இருபதுதான் தலைவரே," என்றார் கிராணி நிமிராமலே.

சிப்பாய் லாரியின் பின்பலகையைத் தூக்கிக் கொக்கி மாட்டினான். லாரி குலுங்கியது.

"ஏய், இருப்பா! நான் எறங்க வேணாமா? கொஞ்சம் வழி விடுங்கய்யா!"

மருதம்மாள் அலறிக்கொண்டு ஓடி வந்தாள். அவளை முந்திக்கொண்டு வந்த ராக்காயி, அவித்த கிழங்கு கட்டிய ஒரு துணி மூட்டையை லாரிக்குள் அவர் காலடியில் எறிந்தாள். அவள் முகமெல்லாம் கண்ணீர்.

"தலைவருதான் ஆளுங்களைச் சயாமுக்குக் கூட்டிக்கிட்டுப் போவணும், அதுக்குத்தான் வீட்டுல ஒருத்தருக்கு விலக்குன்னு செவ்வாக்கெழமையே பைப்படி முழுக்கத் தெரியும்ணே, ஒங்க வீட்டோடதான் ஒருத்தரும் பேசறதில்லையே, யாரு வந்து சொல்லுவா?"