ஆபீசர் டிஸ்மிஸ் ஆன கதை

தெரியாததைத் தெரியாது என்று சொல்ல எனக்கு முப்பது வயதுக்கு மேல்தான் வாய் வந்தது. அதற்கு முன்னால் நடந்தது இது.

எழுபதுகளின் தொடக்கம். நான் கல்யாணமாகி மரக்காணம் வந்து மூன்று மாதம். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்த மருமகள் என்று என் மாமியார் உப்பளம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். (பாஸ்தான். இங்கிலீஷில் எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.)

பஞ்சாயத்து எலெக்‌ஷனுக்கு வார்டு பிரித்த ஆபீசர், எங்கள் ஒரே தெருவை மூன்று துண்டாக்கி மூன்று வார்டில் சேர்த்துவிட்டார். ஓட்டு சிதறினால் எங்கள் ஆள் ஜெயிக்க முடியாது. குடிதண்ணீர்க் குழாய் கேட்கவும் நாதி இருக்காது. உப்பளத்தில் வேலை பார்த்த என் மாமனார், தெருவைத் திரட்டி மெட்ராஸ் ஹைகோர்ட்டில் கேஸ் போட்டார்.

ஒருநாள் காலை வக்கீலிடமிருந்து தந்தி வந்தது. என்னிடம் நீட்டினார்கள். ‘ரிட் அகெய்ன்ஸ்ட் வார்டு ஆபீசர் டிஸ்மிஸ்டு.’ முதல் இரண்டு வார்த்தை புரியவில்லை. புரியாததைத் தாண்டிப் படிப்பது என் பள்ளிக்கூடத்துப் பழக்கம். டிஸ்மிஸ் நன்றாகத் தெரியும். பஸ் கம்பெனியில் என் சித்தப்பாவைச் செய்திருந்தார்கள்.

“வார்டு ஆபீசரை வேலைய விட்டுத் தூக்கிட்டாங்க மாமா” என்றேன்.

தெருவில் வெடி வெடித்தார்கள். எனக்கு மாலைகூடப் போட்டார்கள். மாமனாருக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. பிள்ளைகுட்டிக்காரர், போய் ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லிவிட்டு வரலாம் என்றார். பத்துப் பேர் கிளம்பினோம். தந்தியோடு நானும்.

ஆபீசர் டீ குடித்துக்கொண்டிருந்தார். ஆபீஸில் அவர் குடிக்கும் கடைசி டீ என்று எனக்கே கண் கலங்கியது.

“உங்க வேலைக்கே உலை வைக்கணும்னு நாங்க கேஸ் போடலைங்க” என்றார் மாமனார். “மனசு ஒடஞ்சிடாதீங்க.”

ஆபீசர் தந்தியை வாங்கி இரண்டு தடவை படித்தார். யார் படித்துச் சொன்னது என்று கேட்டார். பத்துத் தலையும் என் பக்கம் திரும்பியது.

“போனது என் வேலை இல்லம்மா. உங்க கேஸு” என்றார்.

கேஸைத் தள்ளுபடி செய்தாலும் டிஸ்மிஸ்தானாம். அதை எங்கள் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தரவில்லை.

திரும்பி வரும்போது, உப்புக் குவியல்களைத் தாண்டியதும் மாமனார் மெதுவாக என் பக்கத்தில் வந்தார்.

“ஏம்மா, பின்பக்கம் ஏதாச்சும் எழுதியிருக்குதா பாரு.”

எழுதியிருக்கவில்லை. எலெக்‌ஷனில் மூன்று வார்டிலும் தோற்றோம். குழாய் வரப் பல வருஷம் ஆனது. மாமனார் கடைசி வரை என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அவருக்கும் சேர்த்து என் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டார்.

எங்கள் மகளுக்கு வேலை ஆர்டர் வந்தபோது நான்தான் பிரித்துப் படித்தேன். சரியாகவே படித்தேன். கேட்டுவிட்டு, என் வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு மருந்துக்கடைக்காரரிடம் போய் இன்னொரு தடவை படிக்கச் சொல்லிவிட்டு வந்தார். அதற்குப் பிறகுதான் வீட்டில் பாயசம் வைத்தோம்.