மாம்புரித் தேசிக்காய் காட்டிய கம்பஸ்

குறி சொல்லும் அபூசாலி பாவாவின் வாசலில் நிற்கும் வரிசையில் பட்டதாரிகளைத் தவிர வேறு பிள்ளைகளைக் காண முடியாது. அதுதான் அந்த வரிசையின் அழகு.

வெள்ளிக்கிழமை குத்பாப் பிரசங்கத்தில் "குறி கேட்பது ஹராம்" என்று ஹஸ்ரத் தொண்டை வறளப் பேசுவார். கேட்டவர்கள் பக்தியோடு தலையாட்டுவார்கள். தொழுகை முடிந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு, ஓட்டோ பிடித்து, நேரே மாம்புரிக்கு வந்து பாவாவின் தென்னந்தோட்டத்தில் இறங்குவார்கள்.

முன்பெல்லாம் பாவா தொலைந்த வள்ளத்துக்கும் கலியாணம் சரிவராத குமருக்கும்தான் பார்த்தார். சண்டை முடிந்து, பிள்ளைகள் படித்து, வீட்டுக்கு ஒரு பட்டதாரி வந்ததும் பாவாவும் முன்னேறினார். முதுமாணிப் பட்டம் படிக்க எந்தக் கம்பஸுக்கு, எந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போவது? இரண்டு இடம் கிடைத்தால் எதை விடுவது? பாவாவின் ஜின் சொல்லும். அந்த ஜின் எங்கே படித்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

பித்தளைப் பேசினில் தண்ணீர் இருக்கும். தண்ணீரில் ஒரு தேசிக்காய், எலுமிச்சங்காய்தான், மிதக்கும். இருபுறமும் கம்பஸ் பெயர் எழுதிய என்வலப்புகளை வைத்து, பாவா மோதிரம் போட்ட கையைப் பேசின் ஓரமாகக் கொண்டுபோய் ஓதி ஊதுவார். தேசிக்காய் மெல்ல நகர்ந்து ஒரு பக்கமாய்ப் போய் நிற்கும். பெரும்பாலும் அது கொழும்பில் ஒரு மாடிக் கட்டடத்தில் நடக்கும் தனியார் கல்வி நிலையத்தின் பக்கமாகவே இருக்கும். அந்த நிலையத்துக்கு ஆள் சேர்ப்பவர் பாவாவின் மருமகன். ஜின்னுக்கும் குடும்பப் பாசம் இருக்காதா என்ன!

மர்ளியாவின் வாப்பா ஜப்பார் தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து வெறுங்கையோடு வந்து, உப்பளத்தில் வேலை செய்து மகளை விஞ்ஞானப் பட்டதாரி ஆக்கியவர். உவர்நீர்க் களப்பில் நண்டு ஏன் குறைகிறது என்று ஆராய வேண்டும் என்பது அவளுடைய ஆசை. மலைநாட்டுக் கம்பஸ் ஒன்றில் இடம் கிடைத்தது. மாமா அத்தாஉல்லா போட்ட விண்ணப்பத்துக்குக் கொழும்பு நிலையத்திலும் கிடைத்தது.

"பாவாட்ட கேக்காம ஒண்டும் செய்யேலாது" என்றார் மாமா.

போன முறை அவருடைய மகன் முபாரிஸைத் தேசிக்காய்தான் கொழும்புக்கு அனுப்பியது. படிப்பிக்க வந்தவர் முதல் மாதமே வெளிநாடு போனார். முபாரிஸ் இரண்டு வருஷம் சுற்றிவிட்டு, ஆய்வும் இல்லாமல் பட்டமும் இல்லாமல் திரும்பினான். இப்போது யாரோடும் அவ்வளவாகப் பேசுவதில்லை. மாமா ஜின்னைக் குறை சொல்லவில்லை. "நாங்க கை கால் கழுவி உழு செஞ்சது சரியில்ல போல" என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

மர்ளியா பஸ் ஏறி இரண்டு இடத்தையும் நேரில் பார்த்தாள். கொழும்பில் "ஆய்வுகூடம் எங்க?" என்று கேட்டாள். சுவரில் தொங்கிய படத்தைக் காட்டினார்கள். "எனக்கு வழிகாட்டப் போறது யாரு?" "பெரிய ஒராள் வருவார்." "இங்க முடிச்சவங்க யாரோடயாவது பேசலாமா?" அதற்குப் பால் தேத்தண்ணி வந்தது.

மலைநாட்டில் பேராசிரியை சிரிக்கக்கூட இல்லை. அவர் போன பிறகு மர்ளியா கன்டீனில் மாணவர்களைப் பிடித்தாள். "மெடம் ஏசுவா. ஆனா எழுதிக் குடுத்தா முழுசா வாசிச்சித் திருத்தித் தருவா. ஆய்வுகூடத்து நுணுக்குக்காட்டி ரெண்டில ஒண்டு பழுது, அதையும் தெரிஞ்சிக்கிட்டு வாங்க" என்றார்கள். பழுதைச் சொன்ன இடத்தை அவள் நம்பினாள்.

வாப்பா தயங்கினார். "மாமாட மனசு நோகும் புள்ள. பாவாட்ட ஒருக்கா போய்ட்டு வருவமே."

"ஓம் வாப்பா, போவம்" என்றாள் மர்ளியா.

பாவாவின் முன்னால் இரண்டு என்வலப்பை வைத்தாள். இரண்டும் ஒட்டியிருந்தன. வெளியே பெயர் இல்லை.

"பேரு எழுதல்லியா மகள்?"

"உள்ளுக்கு இரிக்கி பாவா. ஜின்னுக்குக் கடுதாசி ஒரு தடையா?"

"அதுதானே!" என்றது கூட்டம், பாவாவின் பெருமையைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு.

பாவா ஓதினார். தேசிக்காய் வலப்பக்கம் போனது. "மாஷா அல்லாஹ்! பெரிய இடம். படிப்பிக்கிறவர் கண்ணாடி போட்ட ஆள். உன்ட நஸீபு அங்கதான் எழுதியிரிக்கி!"

மர்ளியா உறையைக் கிழித்தாள். உள்ளே றோசா பேக்கரியின் பாண் சுற்றிய கடுதாசி இருந்தது. மற்றதிலும் அதுவேதான்.

"வாப்பா, என்னயப் பாண் போடவா அனுப்பப் போறீங்க?"

கூட்டம் சிரித்தது. பாவா எழும்பிவிட்டார். "ஜின்னயா சோதிக்கிற? கண் அவிஞ்சி போகும்!"

"என்ட கண்ண நான் பாத்துக்கொள்றன். நீங்க அந்த மோதிரத்தக் கழட்டி வெச்சிட்டு இன்னொருக்கா ஓதுங்க. உங்கட கை பேசினுக்குப் பக்கத்தால போற பக்கமெல்லாம் தேசிக்காயும் போகுது."

பாவா கையைச் சால்வைக்குள் இழுத்துக்கொண்டார். அப்போதுதான் யாரும் எதிர்பாராமல் அத்தாஉல்லா மாமா முன்னால் வந்தார். தேசிக்காயை எடுத்து, தட்டில் கிடந்த கத்தியால் பிளந்தார். நடுவில் ஒரு துண்டு ஊசி மினுங்கியது. பாவாவின் சால்வையை விலக்கி, மோதிரத்தின் அருகே அதைப் பிடித்தார். ஊசி துள்ளிப் போய், மோதிரக் கல்லாய் இருந்த காந்தத்தில் ஒட்டியது.

மாமாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "என்ட மகன்ட ரெண்டு வருஷம் பாவா," என்றார். "ஒரு ஊசியா அது?"

பாவா சால்வையை இழுத்து மோதிரத்தை மறுபடி மூடினார். ஜின்னும் உதவிக்கு வரவில்லை. மருமகன் மோட்டார் சைக்கிளைக் கிளப்பும் சத்தம் மட்டும் பின்னால் கேட்டது.

கலையும்போது ஹவ்வா என்ற ஒரு தாய் மர்ளியாவின் கையைப் பிடித்தார். "அப்ப இனி நாங்க யாருட்டப் புள்ள கேக்கிற?"

"அங்க படிக்கிற புள்ளயள்ட்ட கேளுங்க மாமி. படிப்பிக்கிற சேர்மார் பக்கத்தில இல்லாத நேரமாப் பாத்து."

ஹவ்வா யோசித்தார். "நுரைச்சோலையில ஒராள் முட்டையில குறி பாக்கிறாராமே?" என்றார்.

என்ன செய்வது! கரைவலை மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்க்காமல் ஒரு சூடைகூட வாங்காதவர்கள் நம் மக்கள். பிள்ளையின் படிப்பை வாங்கும்போது மட்டும் கண்ணை இறுக மூடிக்கொள்கிறார்கள். படிப்புக்கும் செவுள் உண்டு. தூக்கிப் பாருங்கள், நாற்றம் தானாக வரும்.