முழ வாத்தியாரின் முழங்கை

நீளம் என்றால் என்னவென்று கடைசிவரை புரிந்துகொள்ளாமலேயே பிள்ளைகளுக்கு நீளம் கற்றுக்கொடுத்த ஒரே மனிதர், மாரிகுப்பத்தில் எங்கள் முழ வாத்தியார்தான்.

சுரங்கக் கூலிகளின் பிள்ளைகளான எங்களுக்கு ஒரு தகரக் கொட்டகைதான் பள்ளிக்கூடம். அங்கே அடிக்கோல் ஒன்று இருந்தது. முதுகு சொறிய மட்டுமே அதை எடுப்பார். மற்றபடி, உலகத்தில் எதை அளக்கவும் அவருடைய முழங்கையே போதும் என்பது அவர் கட்சி.

இரண்டு குச்சிகளைக் காட்டி, "இன்னாடா, எது நீளம்?" என்பார். ஒன்றை உயர்த்தி, மற்றதைத் தாழ்த்திப் பிடித்திருப்பார். உயரே தெரிவதே நீளம்! முன்வரிசை அஞ்சலை ஒருநாள், "ஐயா, ரெண்டையும் தரையில ஊனிப் பாருங்க," என்றாள். "குச்சி என்னுதா, உன்னுதா?" என்று அவளை அடக்கிவிட்டார்.

இன்னொரு நாள் வகுப்பறையைப் பாதத்தால் அளக்கச் சொன்னார். சின்னப் பாதங்களுக்கு அதிக அடி வந்தது. வரத்தானே செய்யும்? அவர் ஒப்பவில்லை. "என் காலுக்கு வந்த கணக்கு உன் காலுக்கு ஏன் வர்ல? உன் காலு பொய் சொல்லுது!" என்று அத்தனை பேரையும் ஒற்றைக்காலில் நிறுத்தினார்.

கோலாரிலிருந்து பள்ளி இன்ஸ்பெக்டர் வந்தார். அஞ்சலையைக் கூப்பிட்டு, "இந்த மேஜை எத்தனை முழம்?" என்றார். அவள் நேராகப் போய் வாத்தியாரின் கையைப் பிடித்து இழுத்துவந்து மேஜைமேல் கிடத்தினாள்.

"உன் கையால அளம்மா," என்றார் இன்ஸ்பெக்டர்.

"அது தப்பு முழமுங்க. ஐயா கைதான் சரியான முழம்."

வாத்தியார் பெருமையாகச் சிரித்தார். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. அடுத்த மாதம் வேறு வாத்தியார் வருவார் என்று சொல்லிவிட்டுப் போனார். எங்களுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

அந்த மாதம் முடிவதற்குள், ஒரு காலையில் பூமி குலுங்கியது. சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட் பக்கமிருந்து ஆபத்துச் சங்கு விடாமல் ஊதியது. எங்கள் அப்பன்மார் எல்லாரும் அந்த ஷிப்டில் கீழே இருந்தார்கள். தெருவில் பெண்கள் அலறிக்கொண்டு ஓடினார்கள். நாங்களும் ஓட எழுந்தோம். வாத்தியார் வாசலை மறித்தார்.

"எங்க ஓட்றீங்க? பின்னால இருக்கிற மைதானத்த அளக்கணும். பாதத்த ஒட்டி ஒட்டி வெச்சி நடங்க. எவனும் தலைய நிமித்தக் கூடாது!"

அளந்தோம். எந்தக் கணக்கைச் சொன்னாலும், "தப்பு, திரும்பப் போ," என்றார். கால் வலித்தது; பசித்தது. இந்த நேரத்திலுமா பாடம் என்று மனத்துக்குள் அவரைக் கண்டபடி திட்டினோம். திட்டிய மும்முரத்தில் அழ மறந்துபோனோம்.

பொழுது சாயும்போது, சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டு மேலே வந்தது. சேறும் புழுதியுமாக அப்பன்மார் ஒவ்வொருவராகப் பள்ளிக்கு வந்தார்கள். கடைசிப் பிள்ளையையும் ஒப்படைத்த பிறகுதான் வாத்தியார் மண்ணில் உட்கார்ந்தார். மைதானக் கணக்கை அப்புறம் அவர் கேட்கவேயில்லை.

மாதம் பிறந்ததும் போய்விட்டார். இன்றும் அவரை அடிமுட்டாள் என்றுதான் சொல்வேன். ஆனால் அதை நான் சொல்லலாம். வேறு யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்காது.